நூத்துல மூணு பேரு

இல்லைங்க, கம்ப்யூட்டர் பெட்டி அப்படியே இருக்கட்டும். உள்ள இருக்கிற கிராபிக்ஸ் கார்ட மட்டும் மாத்திக் குடுங்க. கழட்டித்தான் பாருங்களேன், பொட்டுத் தூசி இருக்காது. எங்கண்ணன் வாராவாரம் பிரஷ் போட்டுத் துடைக்கிற ஆளு. இத மொத்தமாப் பாகம் பாகமாப் பூட்டுனதே அவர்தான். ஒத்தக் கையால, நாலு நாளா.

கிரேன் ஆப்பரேட்டருங்க அவரு. ஆறு வருஷம் முன்னாடி மேலேர்ந்து விழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல, வலது கையும் வராது. ரெண்டு வருஷம் செவுத்தப் பாத்துட்டே கெடந்தாரு. அப்புறந்தான் இந்த லாரி ஓட்டுற கேம் வந்துச்சு. ஆன்லைன்ல நாலு பேரு சேர்ந்து சரக்கு ஏத்திட்டுப் போவாங்க. மத்த மூணு பேரும் யாரு எவருன்னு தெரியாது, ஆனா இவரு பேரு அங்க மேஸ்திரி. குறுகலான பாலத்துல நீள வண்டிய எப்படித் திருப்புறதுன்னு இவரக் கேட்டுத்தான் திருப்புவாங்க. காலைல ஷேவ் பண்ணி, சட்ட மாத்திக்கிட்டுத்தான் உக்காருவாராம். டூட்டிக்குப் போற மாதிரின்னு அண்ணி சிரிப்பாங்க.

ஆமாங்க, அந்த கேம் கம்பெனிலதான் எனக்கு வேல. அதுல அவருக்கு அப்படி ஒரு பெருமை. கால் அமுக்க வர்ற பிசியோதெரபி அம்மாகிட்டகூட, என் தம்பி போட்ட ரோட்டுல ஓட்டுறேன்னு சொல்லி வச்சிருக்காரு.

போன மாசம் புது அப்டேட் விட்டோம். மழ, நெழலு எல்லாம் அச்சு அசலா இருக்கும். இவரு தொறந்தா, உங்க கார்டு இதுக்குப் போதாதுன்னு ஒரு வரி. அதோட சரி. எனக்குப் போன் பண்ணி என்ன சொன்னாரு தெரியுமா? தம்பி, தொடைக்கும்போது எதையோ கெடுத்துட்டேன் போலடா, கோச்சுக்காதன்னாரு. எங்கிட்டங்க! அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம். பாக்கறேண்ணேன்னு மூணு வாரம் ஓட்டிட்டேன்.

என்னது, உள்ள போகாதா? ஓ... கார்டு நீளம். பவர் சப்ளையும் தாங்காதா? போர்டும் இதுக்கு ஒத்து வராதா? ஒண்ணத் தொட்டா எல்லாத்தையும் மாத்தணும்ங்கறீங்க. அவரு கைபட்டது ஒரு ஸ்குரூகூட மிஞ்சாது.

பழைய கார்டுல ஓட வைக்க முடியாதான்னா... முடியுங்க. ரெண்டு வார வேல. அப்டேட் விடுறதுக்கு முன்னாடி மீட்டிங்ல அதுதான் பேச்சே. இந்தக் கார்டு வச்சிருக்கவங்க நூத்துல மூணு பேருதான்னு காட்டினாங்க. மேனேஜர் என்னத் திரும்பிப் பாத்தாரு, நீ என்னப்பா சொல்றன்னு. தேதி நெருங்குது, எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. மூணு பேருக்காக நிக்க முடியுமா, விட்டுரலாம்னேன்.

தெரியாமச் சொன்னேனான்னா கேக்குறீங்க? ஸ்கிரீன்ல கார்டு நம்பர் பெருசாத்தான் போட்டிருந்துச்சு. அண்ணனுக்கு அத வாங்கிக் குடுத்ததே நான்தாங்க.