குருவிகளின் சம்மதம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் கேட்டது இது. தாராசுரம் தாண்டியதும் இருபுற வயலிலும் பனி மிதந்தது. பஸ்ஸே தண்ணீர்மேல் போவது போலிருந்தது. முன் சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும்.

"குருவிங்க எல்லாம் சம்மதிச்சாத்தான் ரத்து பண்ணலாமாம்க்கா," என்றார் தம்பி.

"கும்பகோணத்து வக்கீல் உன்னக் கிண்டல் பண்ணியிருக்காரு."

"இல்லக்கா. வாய்க்காலோரத் துண்டுல விளையிறத அறுக்காம குருவிக்கே விடணும்னு அப்பா டிரஸ்டு எழுதிட்டாரு. ரத்து பண்ணவே முடியாதுன்னு பத்திரத்துலயே இருக்கு. பலன் அனுபவிக்கிறவங்க சம்மதிச்சா உண்டாம். அது குருவிங்கதானே?"

"ஊர்ல எல்லாரும் குருவிக்குன்னு ஒரு கதிர்க்கொத்த வாசல்ல தொங்கவிடுறாங்க. இவரு நெலத்தையே குடுத்துட்டாரு. உங்க மாமாவும் போய்ச் சேந்துட்டாரு, வாடகை வீட்டையும் காலி பண்ணச் சொல்றாங்க. நான் எங்கடா வீடு கட்டுறது?"

வயலிலிருந்து ஒரு குருவிக்கூட்டம் எழும்பி, பனிக்குள் கரைந்தது.

"பக்கத்துல என் பங்கு இருக்குல்ல. அதுல கட்டிக்க."

"நாளைக்கு உன் பொண்டாட்டி எழுந்து போன்னா?"

"சொல்ல மாட்டாக்கா."

"அப்ப நீயும் அப்பா மாதிரியே எழுதிக் குடு. யாராலயும் திருப்ப முடியாதபடி."

தம்பி சிரித்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். சாலையைக் கடந்து, கும்பகோணம் போகும் பஸ்ஸுக்காக நின்றார்கள்.

மார்கழியில் கேட்டது. எழுதி முடித்தது தை ஐந்தாம் தேதி.