ஒரே பெயரில் இரண்டு மகன்கள்

"எந்த மனிசன் ரெண்டு மகன்மாருக்கும் ஒரே பேரை வைப்பான்?"

இங்கிலாந்தில், தோர்ண்டன் ஹீத் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த கணவரிடம் மனைவி கேட்டார். ஸ்கொட்லாந்து சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள் போலும், காலடியில் பெட்டி.

"அந்தக் கல்லறையில கிடக்கிற பிரபுவையோ சொல்லுறீர்? கைட் சொன்னவர்தானே. சண்டையில தோத்து, மூத்தவனை இங்கிலாந்து ராசாவிட்டைப் பணயமாக் குடுத்தவராம். பெடியன் திரும்பி வரேல்லை. பிறகு பிறந்தவனுக்கு அந்தப் பேரையே வைச்சிட்டார்."

"மூத்தவன் செத்திட்டான் எண்டு தெரிஞ்சோ வைச்சவர்?"

"அது ஒருத்தருக்கும் தெரியாதாம்."

பஸ் நோர்பரி நிறுத்தத்தைத் தாண்டியதும் மனைவி மறுபடி தொடங்கினார். மழையில் கண்ணாடி முழுதும் ஆவி படிந்திருந்தது.

"நாங்களும் மூத்தவனை ஊரில சண்டை முடிய எங்கடை கையாலதானே ஆமிக்காரரிட்டை ஒப்படைச்சனாங்கள். பிறகு இஞ்சை வந்து பிறந்த இவனுக்கு அவன்ரை பேரை வைச்சம்."

"இப்ப ஏன் அதைக் கதைக்கிறீர்?"

"போன கிழமை இவன் என்னட்டைக் கேட்டவன்."

"என்னவாம்?"

"'அம்மா, அண்ணா வந்தா என்னை என்னெண்டு கூப்பிடுவீங்கள்?' எண்டு."