கோட்டுக்கு அடியில் ஓர் ஊர்

மேடையில் காலியாகக் கிடக்கும் இரண்டு நாற்காலிகளுக்கு என் முதல் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்துக்கு எல்லையின் இரண்டு பக்கத்து அலுவலகங்களையும் அழைத்திருந்தோம். இந்த ஊர் தங்கள் எல்லைக்குள் வரவில்லை என்று இருவருமே எழுதிவிட்டார்கள். முன்வரிசையில் இருக்கும் அண்ணிக்கும் மகளுக்கும், நாற்பத்தொரு வீட்டாருக்கும் வணக்கம்.

நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகள் அளவுச் சங்கிலி பிடித்தவர் நம் அண்ணன். "சங்கிலி" என்றே ஊர் அவரை அழைத்தது. அதிகாரி நிழலில் நின்றுகொண்டு, சரியாகத்தான் இருக்கும், எழுதிக்கொள் என்பார். இவர் முள்ளுக்குள் இறங்கித் திரும்ப அளப்பார். ஒருநாளாவது அரை அடி விட்டுக்கொடுத்தாரா? இல்லை!

இந்த ஊரின் வரலாறு என்ன? முதலில் யாருக்கும் வேண்டாத கல்லாங்காடு. பாதை வந்ததும் இரண்டு தரப்புக்கும் வேண்டிய இடம். பாதை வேறு பக்கம் திரும்பியதும் இரண்டு தரப்புக்கும் வேண்டாத ஊர். புவியியல் அதைவிடச் சுருக்கம். கிழக்கே மேடு, மேற்கே ஆறு, நடுவில் பன்னிரண்டரைச் சங்கிலி, அதாவது கால் கிலோமீட்டர். ஆறுதான் எல்லை என்பது ஒப்பந்தம். அப்படியானால் ஊர் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் எப்படி வந்தது?

என்னால் வந்தது.

இரண்டு தரப்பும் இன்றுவரை வைத்திருக்கும் வரைபடத்தை வரைந்தவன் நான். எல்லைக்குத் தடித்த பேனா என்பது விதி. ஆற்றின் மேல் இழுக்க வேண்டிய கோட்டை, நீல வண்ணம் கலைந்துவிடக் கூடாதே என்று ஊர்ப்பக்கக் கரையோடு இழுத்தேன். காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் கால் கிலோமீட்டர். ஊர் முழுக்க மைக்கு அடியில் போய்விட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

மை காய்வதற்குள் அண்ணன் என் மேசைக்கு வந்தார். "தம்பி, எங்க ஊரு கோட்டுக்குக் கீழ போயிடுச்சுப்பா. கொஞ்சம் மெல்லிசா போடேன்."

மேலிடத்துக்கு அனுப்ப அவசரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அப்புறம் இருபத்திரண்டு ஆண்டுகள் நீண்டது! அவர் மனு மேல் மனு போட்டார். பிழை பேனாவுடையது என்று ஒரு வரி எழுதிக் கொடு என்று என்னிடம் கேட்டார். நான் ஓய்வு பெறட்டும் என்றேன். ஓய்வு பெற்ற பிறகும் வாயில் கொழுக்கட்டையோடுதான் இருந்தேன்.

போன மாதம் அவருக்கு நெஞ்சு வலித்தது. மகள் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தாள். ஊர்ப் பெயர் கம்ப்யூட்டரில் வரவில்லை, அந்தப் பக்கம் கேளுங்கள் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வீட்டிலிருந்து மேட்டை நோக்கி நடந்தோம். அந்த வலியிலும் அவர் சங்கிலிக் கணக்கு எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றில் குரல் நின்றுவிட்டது. நான் போட்ட கோட்டைத் தாண்ட இன்னும் ஒன்றரைச் சங்கிலி இருந்தது.

இறப்புச் சான்றிதழையும் இரண்டு அலுவலகமும் மறுத்துவிட்டன. இருக்கும்போது ஊர் இல்லை என்றவர்கள், இப்போது சாவும் இல்லை என்கிறார்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லச் சொன்னார்கள். அவர் பணியை அவர் அன்றே முடித்துவிட்டார். முடியாமல் கிடப்பது என்னுடையது. பிழை என் கையால் நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். நாளைக் காலை அண்ணியோடு இரண்டு அலுவலகத்துக்கும் போகிறேன். மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. சாட்சிக் கையெழுத்து மட்டும் கேட்கிறேன். வீட்டுக்கு ஒருவர் போடுங்கள். கீழே முகவரிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது. அதே தடித்த பேனாதான்.