டேப்லெட்டும் டேபிளும் ஒரு கட்டிலும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே! உயிர்விட்ட கீபோர்டுகளுக்கு உயிர்கொடுத்துக் கொடுத்தே தன் தலைமுடியை உயிர்விட வைத்த கருவி வைத்தியரே! ஒலிப்பதிவு அறைகளின் வாசலில் 'சத்தம் போடாதே' என்று எழுதிவைத்துவிட்டு, உள்ளே சத்தம் போட்டே வாழ்ந்து காட்டிய சான்றோர்களே! எங்கள் கேபிள்களில் தடுக்கி விழுந்தும் எங்கள் கனவுகளைத் தடுக்காத தாய்மார்களே! 'எப்போ முடியும்?' என்று பக்கத்து நாற்காலியைக் கிள்ளிக்கொண்டிருக்கும் என் வயதுத் தோழர் தோழிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பதினாறு வயதுக்காரியின் பணிவான வணக்கம்.

மூன்றாம் வரிசையில் சிரிப்பவர் என் அம்மா. 'பணிவான' என்றதும் சிரித்துவிட்டார். அம்மா, மேடைக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறேன்.

இன்றைய தலைப்பு உங்களுக்குத் தெரியும். இசையமைக்க ஏற்றது டேப்லெட்டா? டேபிளில் வீற்றிருக்கும் கணினியும் கருவிகளுமா? என்னை டேப்லெட் கட்சியில் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன் பேசிய அண்ணன் கணினிக் கட்சி. அடேயப்பா, என்ன முழக்கம்! 'டேப்லெட் என்றால் மாத்திரை, அது தலைவலிக்குத்தான் ஆகும்' என்றார். அண்ணே, உங்கள் கணினி நேற்றுக் காலையில் அப்டேட் ஆகத் தொடங்கியது, இன்னும் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று உங்கள் தம்பி சொன்னான். இப்போது சொல்லுங்கள், தலைவலி எந்தக் கட்சிக்கு?

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள். நான் வெல்ல வரவில்லை. நன்றி சொல்ல வந்தேன். அந்த நன்றிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

என் அக்காவை உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். நாடகங்களுக்கும் நடனங்களுக்கும் இசை போடுபவள். எட்டடிக்குப் பத்தடி அறை. மேசையில் இரண்டு திரை, இரண்டு கீபோர்டு, ஏற்றி இறக்கும் இருபத்துநான்கு குமிழ்கள், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ஸ்பீக்கர். அந்த அறையில் நான் எதைத் தொட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் தொடாததைத் தொட்டதாகவும் தெரிந்துவிடும். அங்கே ஒரு நாற்காலி. அதில் காலையில் உட்காருவாள், மாலையில் எழுவாள். உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டே இருந்தாள். ஒரு நாள் முதுகெலும்பு 'போதும் தாயே' என்று சொல்லிவிட்டது. ஆபரேஷன்.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். "படுக்கலாம். நிக்கலாம். மெதுவா நடக்கலாம். ஆறு வாரத்துக்கு உட்காரவே கூடாது."

"சாப்பிட?" என்றாள் அக்கா.

"நின்னுக்கிட்டு."

"வேலை செய்ய?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்த வேலைதானேம்மா உங்களை இங்க கொண்டுவந்து படுக்க வச்சுது?"

ஆனால், அவையோரே, அவள் அதற்கு முன்பே ஒரு சொல் கொடுத்திருந்தாள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஒரு நடன டீச்சர் வந்திருந்தார். ஆண்டு விழாவில் எட்டுப் பிள்ளைகள் ஆடவேண்டும். ஆண்டுதோறும் ஆடுகிறார்கள். எப்படி ஆடுகிறார்கள்? மேடையின் ஓரத்தில் திரைக்குப் பின்னால் டீச்சர் நின்று, கைவிரல்களால் தாளம் காட்டுவார். பதினாறு கண்களும் அந்தப் பக்கமே பார்க்கும். எட்டு முகங்களைப் பார்க்க வந்த பெற்றோருக்குக் கிடைத்தது எட்டுக் கன்னங்கள்!

அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. ஓட்டத்தில் முதல் பரிசு வாங்குவதால் மின்னல் என்று பெயர். அவள் டீச்சரிடம் கையாலேயே சொல்லிவிட்டாளாம். 'இந்த வருஷம் நேரா பார்த்து ஆடினா ஆடுறேன். இல்லேன்னா மத்தவங்க ஆடட்டும், நான் கீழ உட்கார்ந்துக்கறேன்.'

டீச்சர் அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாளம் தரையில தெரியணும்மா. பிள்ளைங்க காலால பிடிச்சுக்குவாங்க. என் கையே தேவைப்படக் கூடாது. முடியுமா?"

"முடியும் டீச்சர்" என்றாள் அக்கா. சொன்ன எட்டாம் நாள் ஆபரேஷன். விழாவுக்கு ஐந்தே வாரம்.

இப்போதுதான் என் டேப்லெட் மேடையேறுகிறது. மூன்று ஆண்டுகளாக நான் விளையாட மட்டுமே பயன்படுத்திய டேப்லெட். மூலையில் ஒரு விரிசல், நடுவில் மாம்பழ ஜூஸின் கறை. அதில் இசையமைக்கும் ஆப் ஒன்றை ஏற்றிக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். "கண்ணாடியத் தடவி யாராவது பாட்டு போடுவாங்களாடி? ஜன்னல் துடைக்கிற மாதிரி இருக்கு."

"துடைச்சுப் பாரேன், வெளிச்சமாவது வரும்."

"வாய்! வாய்! உன் வாய்க்கு ஒரு சத்தக் குமிழ் வச்சு ஆண்டவன் அனுப்பியிருக்கலாம்."

முதல் வாரம் போர்க்களம். மல்லாந்து படுத்தபடி தூக்கிப் பிடித்தால் கை வலிக்கும், விட்டால் மூக்கில் விழும். மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் திட்டு எனக்கு. என் அப்பா லிப்ட் மெக்கானிக். ஒரு பழைய இரும்புக் கையை எடுத்துவந்து, கட்டில் காலில் முடுக்கி, டேப்லெட்டை அக்காவின் முகத்துக்கு மேலே தொங்கவிட்டார். 'இது நாலு பேர் வெயிட் தாங்கும்' என்று மட்டும் சொன்னார். அப்பா, அந்த இரும்புக்கு நன்றி! எங்கள் வீட்டு மூக்குகளின் சார்பில் நன்றி!

அப்புறம் பார்க்கவேண்டுமே! தடவல் தாளமாயிற்று, தாளம் தடமாயிற்று. மவுஸைப் பிடித்துப் பிடித்து இழுத்த வேலையை விரல்நுனி ஒரு வீச்சில் முடித்தது. அரைக் கண் மூடிக்கொண்டு அக்கா ஒரு மெட்டை முணுமுணுப்பாள், அடுத்த நொடி அது திரையில் இருக்கும். எழுந்துபோய்க் கணினியை எழுப்பி, அது கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் மறந்துபோன மெட்டுகள் எத்தனை! இப்போது வந்த மெட்டெல்லாம் பிழைத்தது.

கணினிக் கட்சி அண்ணன் முகம் வாடுகிறது. வாடவேண்டாம் அண்ணே, உங்களுக்கும் பங்கு வைத்திருக்கிறேன். டேப்லெட் பன்னிரண்டு ஒலித்தடங்களுக்கே, அதாவது டிராக்குகளுக்கே, மூச்சு வாங்கியது. பாட்டின் இருபத்திரண்டு தடங்களையும் சேர்த்துத் தாங்கியது அந்தப் பக்கத்து அறைக் கணினிதான். அக்கா கட்டிலில் இருந்து கத்துவாள், நான் நாற்காலியில் இருந்து அமுக்குவேன். 'இடது பக்கம்டி! உன் இடது இல்ல, என் இடது!'

மூன்றாம் வாரம். பாட்டு தயார். அக்காவிடம் இருக்கும் ஹெட்போன், அவள் உயிரைவிட மேலாக வைத்திருப்பது. ஊசி விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லும். அதை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒலியையும் உரசி உரசிச் சரிசெய்தாள். நானும் கேட்டேன். அடிநாதம் அலையாக வந்து காதை நிறைத்தது. மகிழ்ந்தோம். மார்தட்டினோம். மறுநாள் நான் அதைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மரப்பலகை மேடை. சுவரில் இரண்டு ஸ்பீக்கர். எட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்கிறார்கள். போட்டேன். காது கேட்கும் டீச்சர் தலையை ஆட்டி ரசிக்கிறார். பிள்ளைகள்? நிற்கிறார்கள். சும்மா நிற்கிறார்கள். மின்னல் குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். இன்னும் நகர்த்தினாள். பிறகு எழுந்து, என்னைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. மேடையைவிட்டு இறங்கிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

சான்றோர்களே, இசைக்காரர்களே, உங்களைக் கேட்கிறேன். என்ன தவறு செய்தோம்? சத்தம் போதவில்லையா? தாளம் தப்பிற்றா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! காதே கேளாத பிள்ளைகளுக்குக் காதாலேயே இசை செய்திருந்தோம்! உலகத்திலேயே நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலகத்திலேயே அது பயன்படாத எட்டுப் பேருக்காக! இசைக்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். இந்த அறையில் இருக்கும் எல்லோரும் செய்திருப்பீர்கள்.

ஆமாம் ஐயா, நீங்களும்தான். தலைவர் தலையாட்டுகிறார், நன்றி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள். "டீச்சருக்கு போன் பண்ணி வேற ஆளப் பார்க்கச் சொல்லிடு" என்றாள். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வம்பு பண்ணத்தான் தெரியும். தெரிந்ததைச் செய்தேன். மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம், அந்த ஆளுயர ஸ்பீக்கரைப் போர்வையில் படுக்கவைத்து இழுத்துவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். டேப்லெட்டில் வயர் செருக இருப்பது ஒரே ஓட்டை. சார்ஜர் செருகினால் பாடாது, பாட வைத்தால் சாப்பிடாது! என் தம்பி மாதிரி. வயரில்லாமல் இணைத்தால், விரல் இன்று தட்டினால் ஒலி நாளைக்கு வருகிறது. ஆகவே கணினியையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் சின்ன ஒலிப்பெட்டியைக் கணினியிடம் கடன் கேட்காமலே எடுத்து, நடுவில் வைத்து, வயரால் இணைத்து, முரசு ஒலியில் ஒரே ஒரு தட்டு. தும்!

"ஐயோ! யாருடி முதுகுல தட்டுறது?"

அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "ஆபரேஷன் பண்ணின முதுகுடி அது! உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"பாதி வால்யூம்தாம்மா வச்சேன்!"

"மீதிய நான் வைக்கிறேன், இங்க வா!"

"அம்மா, இரு." அக்காவின் குரல். கண் கூரையில் நிலைத்திருந்தது. "ஏய். இன்னொரு தடவ போடு."

போட்டேன்.

"இன்னொண்ணு. கொஞ்சம் கீழ் சுரத்துல." தும். "பஞ்சு எடுத்துட்டு வா."

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டாள். தலைமாட்டில் இருந்த ஹெட்போனை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒன்பது நாள், என் அக்கா காதை மூடி முதுகால் இசையமைத்தாள்!

அவளுக்குத் தெரிந்தது என்ன? காதை நிறைத்த அந்த நீண்ட நாதம் முதுகுக்கு வெறும் நடுக்கம். "இழுத்துக்கிட்டே போகுதுடி, அடி எங்க முடியுதுன்னே தெரியல." அதை வெட்டிக் குறுக்கினாள். மிகவும் கீழான சுரம் கட்டிலை உதறியது, முதுகைத் தொடவில்லை. கொஞ்சம் ஏற்றினாள், விரலால் தட்டியதுபோல் விழுந்தது. ஆடுபவர் திரும்பவேண்டிய இடத்தில் இரட்டைத் தட்டு. நிற்கவேண்டிய இடத்தில் முழு மௌனம். காது கேட்பவர்களுக்காக வயலின் மேலே ஓடட்டும் என்று விட்டாள். அது விருந்தினருக்கு. பிள்ளைகளுக்கு அடித்தளம்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு இது தெரிந்திருக்குமா? டேப்லெட் இல்லையென்றால் படுத்தபடி செய்திருக்க முடியுமா? அந்தப் பெரிய ஸ்பீக்கர் இல்லையென்றால் டேப்லெட்டின் கட்டைவிரல் அளவு ஸ்பீக்கர் ஒரு கொசுவையாவது அசைத்திருக்குமா? சொல்லுங்கள்!

மிச்சமிருந்த நாட்களில் பிள்ளைகள் அந்த ஸ்பீக்கரைப் பள்ளிப் பலகையில் கவிழ்த்துக் காலால் பழகினார்கள்; டீச்சர் அப்போதும் ஓரத்தில் நின்று விரல் காட்டினார். விழா நாள். மைக்செட் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, சுவர்ல இருக்கிற ஸ்பீக்கர் எதுவும் வேணாம். எங்க பெரிய ஸ்பீக்கர மேடைப் பலகை மேல குப்புறக் கவுக்கணும்."

"கவுக்கணுமா? பாப்பா, இருபது வருஷ சர்வீஸ். ஸ்பீக்கரக் கவுத்தேன்னு தெரிஞ்சா என் மானமும் சேர்ந்து கவுந்துடும்."

அப்பா அவர் கையைப் பிடித்துப் பலகையில் வைத்தார். நான் ஒரு தட்டுப் போட்டேன். மைக்செட் அண்ணன் கையை எடுக்கவில்லை. "இன்னொண்ணு இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, அவரே போய் இரண்டாவது ஒன்றையும் கொண்டுவந்து கவிழ்த்தார்.

அக்கா உட்காரக்கூடாது. அரங்கின் கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றாள். திரை விலகியது. ஓரத்தில் டீச்சர், பழக்கம் விடுமா, கையைத் தூக்கித் தாளத்துக்குத் தயாராக நின்றார். முதல் தட்டு விழுந்தது. எட்டு ஜோடிக் கால்கள் ஒன்றாகப் பதிந்தன. இரட்டைத் தட்டு. எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். மௌனம். எட்டுப் பேரும் சிலை. ஒரு கண், ஒரே ஒரு கண்கூட ஓரத்துக்குப் போகவில்லை! நடுவில் நின்ற மின்னல் எங்களை நேராகப் பார்த்தாள். கூட்டத்தை நேராகப் பார்த்தாள். இவ்வளவு பேரா என்று வியந்தவள்போல் பார்த்தாள். பாதி ஆட்டத்தில் டீச்சர் தூக்கிய கையை இறக்கினார். பிறகு திரையைத் தள்ளிக்கொண்டு கீழே வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, தன் பிள்ளைகளின் ஆட்டத்தை முன்னால் நின்று பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் மின்னல் வேர்வை சொட்ட அக்காவிடம் ஓடிவந்தாள். கையால் ஏதோ கேட்டாள். டீச்சர் சொன்னார், "இதை எதுல செஞ்சீங்கன்னு கேக்குறா."

நான் டேப்லெட்டை நெஞ்சுக்கு நேராகத் தூக்கினேன். கட்சி கட்சிதானே! அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் முதுகுல" என்றாள்.

டீச்சர் அதைக் கையால் சொன்னார். மின்னல் கொஞ்சம் யோசித்தாள். குனிந்து தன் பாதத்தைத் தொட்டுக் காட்டினாள். 'எனக்கு இங்க வந்துச்சு' என்றாள் கையால்.

தலைவர் அவர்களே, என் கட்சி தோற்றுவிட்டது, அண்ணனின் கட்சியும் சேர்ந்து தோற்றுவிட்டது. பரிசை அந்த முதுகுக்கும் அந்தப் பாதத்துக்கும் பிரித்துக் கொடுங்கள். உழைத்த கண்ணாடிக்கும், தாங்கிய கணினிக்கும், கவிழ்ந்த ஸ்பீக்கருக்கும், கவிழாத மைக்செட் அண்ணனுக்கும், தூக்கிய கரண்டியை ஓங்காமல் இறக்கிய என் அம்மாவுக்கும், இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்ட உங்கள் முதுகுகளுக்கும் என் மனம் நிறைந்த நன்றி. எழுந்து சற்று நடங்கள், டாக்டர் சொல்லியிருக்கிறார். வணக்கம்!