நடித்துப் பார்த்தவர்கள் எழுதும் மடல்

காலை ஏழே காலுக்கு எம்.ஆர்.ஐ. அறையில் விளக்கு எரிந்தால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த மருத்துவமனைக்குப் பொழுது விடிவது அப்படித்தான்.

எங்கள் பெருமதிப்புக்குரிய நரம்பியல் மருத்துவர் அவர்களே! கடுஞ்சொல் அறியாத, ஆனால் கண்டிப்பில் குறையாத டாக்டரம்மா அவர்களே! ஓய்வு பெறும் உங்களை வணங்கி இம்மடலை வாசிக்கிறோம்.

கை விழுந்துவிட்டது, கால் வரவில்லை என்று வருவார்கள். ஸ்கேனில் கட்டி இருக்காது, அடைப்பு இருக்காது. "உங்களுக்கு ஒன்னுமில்ல" என்று அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். இங்கே அந்தப் பேச்சை நீங்கள் தடை செய்தீர்கள். "ஒன்னுமில்லாமலா ஒரு மனுஷி தவழ்ந்து வர்றா?" என்று கேட்டீர்கள்.

பிறகு எங்களையே நடிக்கச் சொன்னீர்கள். கால் வராத நோயாளிகளின் மூளையையும், வராதது போல் நடிப்பவர்களின் மூளையையும் படமெடுத்து ஒப்பிட வேண்டும். சமையலறைக்காரர் முதல் கணக்கர் வரை ஒவ்வொருவராகப் படுத்தோம். ஸ்ட்ரெச்சர் தள்ளும் மொட்டை அண்ணன் இயந்திரம் தட்டிய தாளத்துக்குக் காலை ஆட்டி, படத்தைக் கெடுத்தார்.

"அண்ணே, உங்க கால் வராதுண்ணே. ஞாபகம் இருக்கா?" என்றோம் மைக்கில்.

"பாட்டைப் போட்டுட்டு சும்மா கிடன்னா எப்படிப்பா?"

நீங்கள் சிரித்தீர்கள். மறுபடி எடுத்தீர்கள். ஆண்டுகள் ஆயின. நடித்த எங்கள் கூட்டத்தின் படங்கள் ஒரு விதமாகவும், நோயாளிகளின் படங்கள் வேறு விதமாகவும் இருந்தன.

சென்ற மாதம் தையல்கார அக்கா ஒருவர் வந்தார். வலது கால் வரவில்லை. கணவர் பஸ் டிரைவர், மூன்று இடங்களில் "ஒன்னுமில்ல" கேட்டவர். மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிடும் முடிவோடு பெட்டியையும் தூக்கி வந்திருந்தார்.

படுத்திருந்த அக்காவின் வலது குதிகாலுக்கு அடியில் கணவரின் உள்ளங்கையை வைக்கச் சொன்னீர்கள். காலை அழுத்தச் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. இடது காலைத் தூக்கச் சொன்னீர்கள். தூக்கும்போதே வலது குதிகால் கணவரின் கையை அழுத்தியது.

"அமுக்குறாளே! நல்லா அமுக்குறா டாக்டர்! இத்தனை நாளா என்னைக் கேனையனாக்கிட்டா."

அந்த அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கால்ல பலம் இருக்கு. அவங்க கூப்பிட்டா வரமாட்டேங்குது, கவனம் வேற பக்கம் போனா வருது. நோயே அதுதான். நடிச்சா எப்படி இருக்கும்னு எங்க ஆளுங்களே படுத்துக் காட்டியிருக்காங்க. அது வேற மாதிரிங்க" என்றீர்கள்.

"அப்ப இவ தலையையும் படம் எடுங்க. தெரிஞ்சிடும்ல?"

ஆம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே அடங்கியிருப்பார். நீங்கள் சொல்லவில்லை.

"நிறையப் பேர் படத்தைச் சேர்த்து வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். ஒருத்தர் படத்தை வச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாது. உங்க கையில பட்டுச்சே, அதை வச்சுத்தான் சொல்றேன். பயிற்சி குடுத்தா நடக்க வாய்ப்பிருக்கு."

அவர் தன் உள்ளங்கையையே பார்த்தார். பிறகு பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அக்கா இப்போது கம்பியைப் பிடித்துச் சன்னல் வரை நடக்கிறார். சில நாள் கால் வருகிறது, சில நாள் வருவதில்லை.

அம்மா, பொய்யான ஆறுதலும் சொல்லாமல், பொய்யான பழியும் போடாமல் பணி செய்தீர்கள். நீண்ட ஆயுளும், நோயற்ற உடலும், சாப்பாட்டு வேளையில் அடிக்காத தொலைபேசியும் உங்களுக்கு வாய்க்கட்டும்.

நிறைந்த அன்புடன்,
நரம்பியல் பிரிவு ஊழியர்கள்

இம்மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன் ஒன்று சேர்க்கிறோம். நீங்கள் ஓய்வு பெறுவதைக் கேள்விப்பட்டு அந்த டிரைவர் நேற்று எங்களிடம் வந்தார். அவர் கேட்டது இது:

"அடுத்து வர்ற டாக்டர்கிட்ட, இவ நடிக்கலைன்னு யாருங்க சொல்லுவா?"