ஒரு டம்ளர் ஆறு

பாட்டில் கழுவுவது எல்லோருக்கும் வராது. சோப்புப் போடக் கூடாது. போட்டால் பிறகு சோப்பைத்தான் சோதித்துக்கொண்டிருப்போம், ஆற்றை அல்ல. எந்தத் தண்ணீரை எடுக்கப்போகிறோமோ அதே தண்ணீரில் அலசிக் கொட்டிவிட்டு, அப்புறம் முகக்க வேண்டும். எங்கள் ஆற்றுக் காவல் சங்கத்தில் இதை நான் சொல்லிக்கொடுக்காத ஆள் கிடையாது. தலையை ஆட்டுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை வாசனையோடு பாட்டில் வரும்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன். சங்கம் என்றால் யார் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுவோம் என்பார். அவர் பெயரே தீர்மானம் ஆகிவிட்டது. கரையில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும், இவர் அதைக் கண்டித்துத் தீர்மானம் போடுவார். பல் டாக்டர் ஒருத்தர். மண்வெட்டியைப் பிடித்தபடி படம் எடுத்ததும், அதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். மற்றவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள், தேநீர் வந்ததும் வேலையை நிறுத்துவார்கள். மலைச்சரிவில் அவர்கள் வைத்த கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் திரும்பிப் போனதில்லை.

என் அக்காதான் தலைவி. ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். உண்மையில் அப்படிக் கூப்பிட உரிமை உள்ள ஒரே ஆள் நான். அத்தான் போன பிறகு நானும் அவளும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் வேலை. நான் தூங்கிப்போனால் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, தலைமாட்டில் வைப்பது அக்காதான். அப்படிப்பட்டவள். அவளைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது, நானும் சொல்லமாட்டேன்.

ஆறு கெட்டுப்போனது சாயக்காரரால். மேலே அவருடைய சாயப்பட்டறை இருக்கிறது. அவர் கழிவை அப்படியே திறந்துவிட்ட காலத்தில், ஆற்றின் நிறத்தைப் பார்த்தே அன்றைக்கு என்ன துணி சாயம் போட்டார்கள் என்று சொல்லலாம். அக்கா பட்டறை வாசலில் உட்கார்ந்தாள். அப்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னாள்: "இந்தத் தண்ணியில ஒரு டம்ளர் குடிச்சிட்டு நான் நல்லா எழுந்து நிக்கிற அன்னைக்குத்தான் சங்கத்தைக் கலைப்பேன்." கை தட்டினார்கள். அன்றே ஒரு எவர்சில்வர் டம்ளரை வாங்கி சங்க அலமாரியில் வைத்தார்கள்.

சோதனை என் வேலை. வீட்டுப் பின்னறையில் மேசை, மருந்துகள், கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டில் வரும். நான் பார்த்துச் சொல்வேன், அக்கா அதை ஊருக்குச் சொல்வாள். நான் சொல்லாமல் அவள் வாய் திறந்ததில்லை. பரணில், கெட்ட காலத்துத் தண்ணீரைச் சாட்சிக்காக எடுத்து வைத்திருந்தேன். பட்டறைக் குழாய் ஆற்றில் விழுகிற இடத்திலேயே பிடித்தது. பெரிய கண்ணாடி ஜாடிகள், அரக்கு வைத்து மூடியவை.

பிறகு சாயக்காரர் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார். வழக்குக்குப் பயந்து என்றார்கள், மகள் சண்டை போட்டதால் என்றார்கள். எப்படியோ கட்டிவிட்டார், நகரத்துச் சாக்கடையையும் அதிலேயே சேர்த்துச் சுத்தம் செய்தார்கள். பாட்டில்கள் வந்துகொண்டிருந்தன. அக்கா கேட்பாள், "எப்படிடி இருக்கு?" நான், "இன்னும் இல்லக்கா" என்பேன். அவசரப்படக் கூடாது என்பது என் எண்ணம். ஒரு மழைக்குத் தெளிந்தால் ஆறு திருந்திவிட்டதாக அர்த்தமா? அடுத்த மாதமும் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். ஆறு என்ன நிறத்தில் ஓடினாலும் என் பதில் அதுதான். பொறுப்பானவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள், "வெளியூர் லேப்ல ஒரு தடவை பார்க்கச் சொன்னேன்டி. சுத்தமா இருக்காம்."

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

"கோச்சுக்காதே. உன் மருந்தெல்லாம் பழசாயிருக்கும். அதனால தப்பாக் காட்டியிருக்கும். உன்மேல என்ன தப்பு இருக்கு?" என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். "இனிமே அணைக்கட்டுல மிஷின் வைக்கப்போறாங்களாம், அதுவே பார்த்துச் சொல்லிடுமாம். ஞாயித்துக்கிழமை நீ நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கலாம். அந்தப் பின்னறையைக் கூட ஒழிச்சுட்டா உனக்குக் காத்தோட்டமா இருக்கும்."

பிரியமாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுந்து, டம்ளர் தண்ணீர் குடிப்பது என்று தீர்மானம் போட்டார். சாயக்காரரும் மேடைக்கு வருவார், அவரும் அக்காவும் கை குலுக்குவார்கள் என்றார்.

"அவரையே முதல்ல குடிக்கச் சொல்லுங்க, அவர் போட்ட சாயம்தானே" என்றார் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான்தானே சபதம் போட்டேன், நானே குடிக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனா நீங்க கண்டிச்சுத் தீர்மானம் போடுங்க" என்றாள் அக்கா. அதற்கும் சிரித்தார்கள்.

ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தால் வயிறு கெடும். காய்ச்சி வடிகட்ட வேண்டும். எனவே முதல் நாள் எல்லோர் முன்னாலும் தண்ணீர் எடுப்பது, அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சி வடிகட்டிக் கொண்டுவருவது என்று முடிவானது. எடுக்கும்போது நாலு காமிரா இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகும்போது என்னோடு யாரும் வரவில்லை. இத்தனை படித்தவர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டில் வாய்க்குக் காகிதம் ஒட்டி முத்திரை வைக்க வேண்டும் என்றார்கள். அந்த முத்திரையையும் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களுடைய காவல் இவ்வளவுதான்.

சாயக்காரர் விழுந்தால் பயனில்லை என்று எனக்குத் தெரியும். செய்த வினை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தீர்மானம் விழுந்தால் வயசு என்பார்கள். அக்கா விழுந்தால்தான் ஊர் எழும். சாயப்பட்டறை மூடப்படும், மிஷின் வராது, சங்கம் நிற்கும். நிதானமாக யோசித்துப் பாருங்கள், நீங்களும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேருவீர்கள்.

நான் விஷம் எதுவும் வாங்கவில்லை. எந்தக் கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து ஜாடிகளை இறக்கினேன். அதுவும் அந்த ஆற்றில் எடுத்ததுதான், கொஞ்சம் பழையது. சுண்டக் காய்ச்சினேன். வடிகட்டிய பிறகும் நிறம் முழுவதும் போகவில்லை. எவர்சில்வர் டம்ளரில் அது தெரியாது. ருசி தெரியும். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் அக்கா எதையும் துப்பமாட்டாள், முகம் சுளிக்கக்கூடமாட்டாள். அவளோடு ஒரே வீட்டில் இருந்தவளுக்கு இது தெரியாதா?

மேடையில் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கும்போது என் காதோரம், "கை ஏன்டி இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாள். பிறகு மைக்கில், "என் தங்கச்சி பார்த்துக் கொடுத்த தண்ணி. கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கலாம்" என்றாள். முதல் வாய் போனதும் ஒரு கணம் நின்றாள். அப்புறம் முழுவதையும் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். பல் டாக்டர் படம் எடுத்தார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊர் எழுந்ததா என்றால் எழுந்தது. பட்டறைக் கதவை உடைத்தார்கள், சாயக்காரரின் காரைக் கவிழ்த்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்தை நொறுக்கியதும் அவர்கள்தான். இப்போது நகரத்துச் சாக்கடையும் சேர்ந்து நேராக ஆற்றில் போகிறதாம். இவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

அக்காதான் ஒத்துழைக்கவில்லை. நினைவு வந்தபோதெல்லாம், "ஆத்துமேல பழி போடாதீங்க. அவ நல்லாப் பார்த்துத்தான் கொடுத்தா. நான்தான் வேற ஏதோ சாப்பிட்டிருப்பேன்" என்று நர்சிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போதும் அவளுக்கு ஆறுதான். என்னைப் பார்த்ததும், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற இடத்துக்கு வருகிறேன். ஆமாம், டாக்டரம்மா வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண், தூங்காத கண். "அவங்க குடிச்சதுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா காப்பாத்த வழி இருக்கு. இன்னும் நேரம் இருக்கு. நீங்கதானே கொடுத்தீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஜாடிகளில் என்னென்ன எவ்வளவு இருந்தது என்று எனக்கு மனப்பாடம். நான்தானே சோதித்தவள். கதவுக் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தேன். அவள் பிழைத்து எழுந்தால் முதல் வேலையாகச் சங்கத்தைத்தான் கலைப்பாள்.

"ஆத்துத் தண்ணி டாக்டர். வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

விடிவதற்குள் போய்விட்டாள். இதில் எதை எப்படி எழுதிக்கொள்வது என்பது உங்கள் பாடு. ஒன்றை மட்டும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்: அக்கா விஷயத்தில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.