அடுக்களைக்கு வந்த ஆயில் சீல்

...அதைத்தான் சொல்றேன் நல்லசிவம் சார், குத்தம் பூரா அந்தக் கடைக்காரன் மேலே. நீங்க பாட்டுக்குக் கிரைண்டரைக் கழட்டுங்கோ, நான் பாட்டுக்குப் பேசிண்டிருக்கேன். மாடி வீட்டுக்கு மிலிட்டரி வொர்க்‌ஷாப்புல இருந்தவர் குடி வந்திருக்கார்னு கேட்டதுமே எனக்குப் போன உயிர் திரும்பி வந்துது. ஸ்பேனரை அலம்பிட்டேளோ? அச்சா.

கோயமுத்தூர் கிரைண்டர் சார், டில்லி சரோஜினி நகர்லயே முதல்ல வந்தது இந்த லீலாவதியாத்துக்குத்தான். போன மாசம் பஜனைக்கு அரைச்சேனா, மாவுல கறுப்பா ஒரு கோடு. கல்லைச் சுத்தற தண்டு இருக்கோன்னோ, அதைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீலாம். அது தேஞ்சு போனா அடியில இருக்கற கியர் எண்ணெய் மேலே ஏறிடுமாம். ஒரு மாமா இட்லியைப் பிட்டுட்டு, "மாமி, மொளகாப்பொடிக்குத் தனியா எண்ணெய் வேண்டாம் போலிருக்கே"ங்கறார். என் மானமே போச்சு.

இவரை இழுத்துண்டு மோட்டார் சாமான் கடைக்குக் காஷ்மீரி கேட் போனேன். ஆபீஸ்ல ஃபைல் பாக்கறவர், கடையில வாயைத் திறப்பாரோ? நான்தான் "பையா, ஆயில் சீல்"னேன். அவன் முதல்ல எடுத்து வெக்கறது தோல்ல பண்ணினது! பழைய பம்புக்கெல்லாம் அதானாம். பெருமாளுக்கு நைவேத்யம் பண்ற மாவுல தோலாடான்னு தமிழ்லயே திட்டினேன். அப்புறம் கம்பளி மாதிரி ஒண்ணு, அது தூசியைத்தான் தடுக்குமாம். அப்புறம் ஸ்கூட்டருக்குப் போடறது, அதுக்கு ரெண்டு உதடு... ஒண்ணு எண்ணெயை உள்ளே நிறுத்த, ஒண்ணு மண்ணை வெளியே நிறுத்த. நம்மாத்து மாவுல மண் எங்கே வந்தது? கடைசியா செவப்பா ஒண்ணு, லாரி எஞ்ஜினுக்காம், என்ன சூடானாலும் தாங்குமாம். ஜல்தி அதைக் குடுன்னேன். கொதிக்க வெக்கணுமே சார். மோட்டார் கடைச் சாமானை அப்படியே அடுக்களையில சேப்பாளோ?

வென்னீர்ல கொதிக்க விட்டு, மஞ்சப்பொடி தேச்சு, துடைச்சு மாட்டியாச்சு. ஒழுகறது. இன்னொண்ணு வாங்கிண்டு வந்தார், அதுவும் ஒழுகறது. ரெண்டும் போலி சார், வேறென்ன.

நாளைக்குக் காலம்பற பஜனை. எண்பது பேர். இன்னிக்கு அரைக்கலேன்னா இட்லிப் பொறுப்பு பின் பிளாக் அனந்தலக்ஷ்மிகிட்ட போயிடும். அவ பண்ற அந்தக் கல்லை முழுங்கிட்டு எண்பது பேரும் நன்னாருக்குன்னு சொல்றதை நான் பக்கத்துல நின்னு கேக்கணும். என்னால முடியாது சார், அழுகையே வந்துடும்.

என்ன, சீலைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேள்? உள் விளிம்புல பள்ளமா? ஆமா, காலியாத்தான் இருக்கு. ஸ்பிரிங்கா... ஓ, அந்தக் குட்டிக் கம்பி வளையமா? அதை நான்தான் பிடுங்கினேன். ரெண்டுலயும்தான். துருப் பிடிச்சு மாவுல விழுந்து வெச்சா?

தூக்கிப் போடுவேனா, நான் என்ன ஊதாரியா? இதோ பாருங்கோ, விளக்கெண்ணெய் சீசா. மூடி ஒடைஞ்சு அலமாரி பூரா எண்ணெயாக் கிடந்தது. வாயில பிளாஸ்டிக் காகிதத்தைப் போட்டு, மேலே அந்த ரெண்டு ஸ்பிரிங்கையும் மாட்டினேன். கவுத்துத்தான் பாருங்கோளேன், ஒரு சொட்டு கசியட்டுமே. என்னமாப் பிடிக்கறதுங்கறேள்... சார், சார், அதை ஏன் கழட்டறேள்? எண்ணெய் ஒழுகுமே சார்!